நோயுற்ற கோழியைப் பேணும் முறை
செவிலிமேட்டு நெசவாளர் இல்லங்களுக்கு உரிய பாடம்

காஞ்சீபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், பாலாற்றுக்கு இப்பால் உள்ள செவிலிமேடு, தறியும் கோயிலும் வயலும் ஒருங்கே அமைந்த ஊராகும். இத்தகைய ஊர்களில் நெசவு செய்யும் குடும்பங்கள் புறக்கடையில் நான்கைந்து நாட்டுக் கோழிகளை வளர்ப்பது நெடுநாள் வழக்கம். பட்டுப் புடவை ஒன்று தறியை விட்டு இறங்கிக் கூலி கைக்கு வருவதற்குப் பல நாட்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் உப்பு, புளி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் முதலிய சில்லறைச் செலவுகளுக்கு முட்டை விற்ற காசே கைகொடுப்பது. அக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளின் கையிலேயே புழங்கும். ஆகையால் குஞ்சுகளுடன் திரியும் ஒரு தாய்க்கோழி நோயுறுமாயின், அவ்வீட்டுக்கு நேரும் நஷ்டம் ஒரு கோழியின் விலை மட்டுமன்று. பின்வரும் ஆறு மாதத்து முட்டையும் குஞ்சும் அதனுடன் போயின என்றே கொள்ள வேண்டும்.

கோழி சோர்ந்து நின்றால் அதனை மறுநாளே சந்தைக்குக் கொண்டு சென்று வந்த விலைக்குத் தள்ளிவிடுதல் சிலரது வழக்கம். இதனினும் கெடுதியான வழக்கம் வேறில்லை. நோயின் வித்து அந்தக் கூடையுடன் சந்தைக்குச் சென்று, அங்கிருந்து பத்துக் கிராமங்களுக்குப் பரவும். விற்றவர் தெருவுக்கே ஒரு வாரத்தில் திரும்பியும் வரும். நோயுற்ற கோழியை அறுத்து, அதன் குடலையும் இறகையும் குப்பையில் எறிதலும் அவ்வாறே தீங்கு தருவது. கோழியை வீட்டில் ஒதுக்கி வைத்துப் பேணுதலே சிக்கனமான வழி. அதற்கு வேண்டுவன ஒரு கூடை, சிறிது வைக்கோல், காய்ச்சி ஆறிய நீர், பொறுமை ஆகியவையே.

கோழியானது தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கூட்டத்தில் வலுவிழந்த கோழியை மற்றவை கொத்தி விரட்டும். ஆதலின் அது இயன்றவரை தலை நிமிர்ந்தே திரியும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, சிறகு தொங்க ஒரு மூலையில் நிற்பதை நாம் காணும்போது நோய் தொடங்கிப் பல நாட்கள் ஆகியிருக்கலாம். ஆகையால் காலையில் கூட்டைத் திறக்கும்போதே ஒரு பார்வை பார்த்தல் வேண்டும். முதலில் ஓடிவரும் கோழி இன்று கடைசியாக வருகிறதா? கொண்டையின் சிவப்பு வெளுத்தோ கறுத்தோ உள்ளதா? எச்சம் கெட்டியாய், நுனியில் வெண்மை படிந்து இருப்பது நலம். அது நீராகவோ, பச்சையாகவோ, இரத்தம் கலந்தோ இருக்குமாயின் கவனிக்க வேண்டும்.

ஐயம் தோன்றிய கோழியை இரவில் அடைந்த பிறகு எடுத்துப் பார்ப்பது எளிது. பகலில் துரத்திப் பிடித்தால் உள்ள வலுவும் போய்விடும். மடியில் வைத்து, மார்பெலும்பைத் தடவுக. இரு பக்கமும் சதையின்றிக் கத்தி முனைபோல் எலும்பு தட்டுமாயின் அது நாட்பட்ட நோய். குடற்புழுவாக இருத்தல் கூடும். சதை நன்றாயிருந்து கோழி மட்டும் சோர்ந்திருப்பின் நோய் புதிது. அடுத்து அலகைத் திறந்து வாயினுள் மஞ்சள் நிறப் படலம் உண்டா என்று நோக்குக. சிறகின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேன் உண்டா என்று பார்க்க. பாதத்தின் அடியில் கறுத்த தழும்புடன் வீக்கம் இருப்பின் அது முள்ளோ கல்லோ தைத்துச் சீழ் பிடித்ததாகும். இறுதியாகக் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இதனை மட்டும் விடியற்காலையில், தீனி வைப்பதற்கு முன் மறுபடியும் சோதிக்க வேண்டும். இரவு முழுவதும் சீரணித்த பின் அப்பை வெறுமையாக இருப்பதே முறை.

இனிப் பேணும் முறை. நோயுற்ற கோழியை உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, அவற்றின் கண்ணுக்கும் காற்றுக்கும் எட்டாத இடத்தில், கவிழ்த்த மூங்கிற் கூடையிலோ பழைய பெட்டியிலோ வைக்க. அடியில் வைக்கோலும் சாக்கும் இட்டு, நனைந்ததை அன்றாடம் மாற்றுக. எடுத்த சாக்கைக் கொளுத்திவிடலாம். கோழியின் உடற்சூடு மனிதரைவிட மிகுதி. 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தீனி எடுக்காத கோழி இந்தச் சூட்டைக் காக்கவே தன் சதையைச் செலவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இதனாலேயே பல கோழிகள் இறக்கின்றன. அந்நாட்களில் கூடையின் ஒரு பக்கத்தில் ஒன்றரை அடி தூரத்தில் 40 வாட் குண்டு விளக்கு ஒன்றைத் தொங்கவிடுதல் நலம். மறுபக்கம் குளிர்ந்தே இருக்கட்டும். கோழி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். அடுப்பங்கரையில் புகைபடும்படி வைத்தல் கூடாது. கோழியின் சுவாசப்பை மிக நொய்யது. சித்திரை, வைகாசியில் விளக்கு வேண்டுவதில்லை; நிழலும் காற்றோட்டமுமே வேண்டும்.

தீனியினும் நீரே முதன்மையானது. நன்னிலையிலுள்ள முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் லிட்டர் நீர் அருந்தும். கழிச்சல் கண்ட கோழிக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் நான்கு தேக்கரண்டி சர்க்கரை அல்லது வெல்லமும், கால் தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பும் கரைத்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைக்கலாம். உப்பு மிகுந்தால் கோழிக்கு நஞ்சாகும். பக்கத்தில் வெறும் நீரும் இருக்க வேண்டும். தானே குடியாத கோழிக்கு அலகின் நுனியை நீரில் தோய்த்துக் காட்டுக. அல்லது அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளியையும் அது விழுங்கிய பின் அடுத்ததை விடுக. வாயைப் பிளந்து சங்கால் ஊற்றும் பழக்கத்தை அறவே விடவேண்டும். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நுரையீரலுக்குச் சென்று, நோயால் சாகாத கோழியும் வைத்தியத்தால் சாகும்.

தீனியாகக் குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டையின் மஞ்சட்கரு, சிறிது தயிர், நறுக்கிய முருங்கைக்கீரை இவற்றை நாளைக்கு நாலைந்து முறை சிறுகச் சிறுக வைத்தல் போதும். அரை மணி நேரத்தில் உண்ணாததை எடுத்துவிடுக. புளித்த தீனி இரண்டாவது நோயை உண்டாக்கும். தீனிப்பையில் பழைய தீனி தங்கியிருக்கும்போது புதிது ஊட்டுதல் ஆகாது.

தீனிப்பை அடைப்பு நெசவு வீடுகளில் தனிக் கவனத்துக்குரியது. தறிக்குழியின் ஓரத்திலும், பாவு புனையும் இடத்திலும், விடியலில் தெருவில் பாவு விரித்த இடத்திலும் அறுந்த பட்டிழையும் சரிகைத் துணுக்கும் சிதறிக் கிடக்கும். கஞ்சி ஊட்டிய இழையில் அரிசியின் மணம் இருத்தலாலும், காற்றில் அசையும் நூல் புழுப்போலத் தோன்றுதலாலும் கோழி அதனைக் கொத்தி விழுங்க இடமுண்டு. நெல்லும் புல்லும் அதனுடன் சுருண்டு தீனிப்பையில் பந்தாகக் கட்டிக்கொள்ளும். விடியற்காலையில் பை கெட்டியாக, பிசைந்த மாவு உருண்டைபோல் இருந்தால் அடைப்பு என்று அறியலாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயைத் துளித்துளியாக விழுங்கச் செய்து, விரல் நுனிகளால் பையைக் கீழிருந்து மேலாக மெல்லப் பிசைந்து விடுக. நாளைக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்து, அதுவரை நீர் மட்டும் தருக. இரண்டு நாளில் இளகாவிடில் கால்நடை வைத்தியர் பையைக் கீறி அடைப்பை எடுக்க நேரும். தாமதியாமல் கொண்டு சென்றால் இது பிழைக்கக்கூடிய சிகிச்சையே. கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் ஆபத்தானது. வந்த நீர் மூச்சுக்குழலிற் புகும்.

அலகிலிருந்து நூல் தொங்கக் கண்டால் அதனை இழுத்தல் கூடாது. அதன் ஒரு முனை நாக்கின் அடியைச் சுற்றியும் மறுமுனை குடலிலும் இருக்கலாம். இழுக்குந்தோறும் குடல் அறுபடும். காலிற் சுற்றிய இழை வேறு வகைத் தொல்லை. பட்டிழை மயிரினும் மெல்லியது. ஆனால் எளிதில் அறாதது. அது விரலில் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துச் சில நாட்களில் விரலே கறுத்து உதிரும். நொண்டும் கோழியின் காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் பார்த்து, சிறு கத்தரியால் இழையை வெட்டி எடுத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுக. இவ்வளவுக்கும் மேலான சிகிச்சை ஒன்றுண்டு: தறியிலிருந்து எழும்போது கழிவிழையை ஒரு டப்பாவில் இட்டு மூடி வைத்தல்.

முட்டை தடைப்படுதல் இளங்கோழிகளுக்கும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கோழிகளுக்கும் வருவது. கோழி நிமிர்ந்து நின்று, வாலை மேலும் கீழும் அசைத்து முக்கும்; அடிக்கடி கூட்டினுள் சென்று வெறுமனே திரும்பும். கை பொறுக்கும் சூடுள்ள நீரில் வயிறளவு மூழ்கக் கால் மணி நேரம் பிடித்திருந்து, துடைத்து, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருண்ட அமைதியான இடத்தில் விடுக. பெரும்பாலும் சில மணி நேரத்தில் முட்டை வரும். வயிற்றை அழுத்தி வெளியேற்ற முயன்றால் முட்டை உள்ளேயே உடைந்து கோழி மாளும். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். புறக்கடை மேய்ச்சலில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆகையால் பொடித்த கிளிஞ்சலையோ, உலர்த்தி நொறுக்கிய முட்டையோட்டையோ ஒரு சிரட்டையில் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும்.

கோழி அம்மை கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் பருக்களாகத் தோன்றிப் பொருக்குக் கட்டும். இதனைப் பரப்புவது பெரும்பாலும் கொசு. பொருக்கைப் பிய்க்காமல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, கண்ணை உப்பு கலந்த வெந்நீர் ஆறியதால் கழுவி வந்தால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலான கோழிகள் தேறும். கண் அடைத்த கோழிக்குத் தீனி தெரியாது. கையால் ஊட்டாவிடில் அம்மையால் அன்றிப் பசியாலேயே இறக்கும். வாயினுள்ளும் படலம் படர்ந்த கோழி தேறுவது அரிது.

கோழி உண்ணியைப் பற்றிப் பலர் அறியாதிருக்கின்றனர். அது பகலில் கூட்டின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வந்து இரத்தம் குடித்துவிட்டு மீளும். பகலில் கோழியைச் சோதித்தால் ஒன்றும் தென்படாது. கொண்டை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். விளக்குடன் இரவில் கூட்டைப் பார்த்து, உண்ணி இருப்பின் இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். கோழிக்கு மருந்து கொடுத்துக் கூட்டை விட்டுவிடுதலால் பயனில்லை.

குஞ்சுகளுக்கு மூன்றாவது வாரம் முதல் வரும் இரத்தக் கழிச்சல் ஈரத் தரையில் பெருகுவது. வைத்தியர் தரும் மருந்தை நீரிற் கலந்து உரிய நாட்களுக்குக் கொடுத்து, தரையை உலர வைத்தால் அடங்கும்.

மேற்கூறியவை யாவும் பேணினால் தேறும் நோய்கள். பேணியும் தேறாத நோய் ஒன்றுண்டு. அதனை வெள்ளைக் கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் அழைப்பர். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இது காணப்பட்டது. இந்தியாவில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்டு 1928-இல் அறிவிக்கப்பட்டமையின் அவ்வூர்ப் பெயரே நோய்க்கு நிலைத்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுதல், பச்சையும் வெண்மையும் கலந்த கழிச்சல், சிறகு தொங்குதல், சில நாட்களில் கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். தடுப்பு ஊசி இல்லாத கூட்டத்தில் பத்துக்குப் பத்தும் மடிவதுண்டு. இது நுண்ணுயிரிகளில் வைரஸ் என்னும் வகையைச் சேர்ந்ததால் உண்டாவது. இதற்கு மருந்து இல்லை. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துக் கொடுத்தல் நாட்டு வழக்கம். பசியைத் தூண்டவும் உடலைத் தேற்றவும் அவை உதவலாம்; அவற்றை நம்பித் தடுப்பு ஊசியை விட்டுவிடுதல் மட்டும் பெருந்தவறு. பிழைத்த ஓரிரு கோழிகளும் சில வாரங்கள் வரை நோயை எச்சத்தில் வெளியிட்டுக்கொண்டிருக்கும். பேணுபவர் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அவருக்கும் கண் சிவந்து வீங்குவதுண்டு.

ஆகவே தெருவில் ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டுக் கோழிகள் மடியுமாயின் அங்கே தனி வைத்தியத்துக்கு இடமில்லை. அன்றே கால்நடை மருந்தகத்துக்கு அறிவிக்க வேண்டும். 1962 என்ற தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்திலுள்ள நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்ட பிறகு, திடீர்ச் சாவு எதனையும் அற்பமாகக் கருதுதல் தகாது. இறந்த கோழியை ஏரியிலோ பாலாற்று மணலிலோ எறியாமல், மூன்றடிக் குழியில் இட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுக.

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு உண்டு. அங்கே கூட்டுறவு இன்றியமையாதது. முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவான தடுப்பு மருந்தே இன்றும் எட்டு வார வயதுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசியாக இடப்படுகிறது. ஒரு வாரக் குஞ்சுக்கு லசோட்டா என்னும் மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடுவர். 1932-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இப்போது இராணிப்பேட்டையில் நடைபெறும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் கோழிகளுக்குரிய தடுப்பு மருந்துகளையும் தயாரித்து வருகிறது. புறக்கடைக் கோழிகளுக்கென்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியுடன் கொடுக்கத்தக்க குருணை வடிவிலும் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது.

இடர்ப்பாடு யாதெனில், ஊசி மருந்துக் குப்பி ஒன்று பொதுவாக நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமானது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட வேண்டியது. கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவாக வேண்டியது. ஐந்து கோழி உடைய வீட்டார் தனியே வாங்கினால் தொண்ணூற்றைந்து பங்கு வீணாகும். ஆதலின் வாங்காமலே விடுகின்றனர். இருபது வீட்டார் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் குப்பி முழுவதும் பயன்படும். 1904-ஆம் ஆண்டிலேயே நகரக் கூட்டுறவு வங்கி கண்ட காஞ்சீபுரத்துக்கு இஃது அரிய காரியமன்று. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய். எம். சி. ஏ. கிராம புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாச் அவர்கள் முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கும் சங்கத்தை நடத்திக் காட்டியது 1920-களிலும் 1930-களிலும் ஆகும். முட்டை விற்பதற்குச் சேர்ந்தவர்கள் உண்டெனில், முட்டையிடும் கோழியைக் காப்பதற்கும் சேரலாம்.

சங்கத்தார் செய்ய வேண்டுவது இது. கோடைக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கால்நடை மருந்தகத்துக்கு முன்னதாகவே எழுதித் தெரிவிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாக் கோழிகளுக்கும் குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். குறித்த நாளில் விடியுமுன், கூட்டைத் திறப்பதற்கு முன்பே ஊசி இடத் தொடங்க வேண்டும். கோழி வெளியே போய்விட்டால் பாதிக்குப் பாதி தப்பும். சோர்ந்த கோழிக்கு ஊசி இடாமல், அதனை ஒதுக்கி வைத்துப் பின்னர் இடுக. ஊசி இட்டு ஏழு முதல் பத்து நாட்கள் வரை காப்பு முற்றாது; அந்நாட்களில் சந்தைக் கோழியை வீட்டுக்குக் கொணர்தல் கூடாது. எக்காலத்திலும் புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பின்பே கூட்டத்தில் விடுதல் முறை.

தேறிய கோழிக்கும் அதே கெடு பொருந்தும். தீனி எடுக்கத் தொடங்கிய அன்றே வெளியே விட்டால் மற்றவை கொத்திப் புண்படுத்தும். இரண்டு வாரம் கழிந்த பின், இரவில் மற்றவை அடைந்திருக்கும்போது அவற்றினிடையே மெல்ல வைத்துவிடுக; விடிந்ததும் சண்டை குறைவாக இருக்கும். நோயின்போது வைத்தியர் கொடுத்த மருந்தின் சாரம் முட்டையிலும் இறங்கும். எத்தனை நாள் வரை முட்டையை உண்ணலாகாது என்பதை மருந்து வாங்கும்போதே கேட்டு, கூட்டின் கதவில் கரியால் தேதியைக் குறித்து வைத்தல் நல்லது. அடைகாக்கும் குணம் திரும்பிக் கோழி கொக்கரிக்கத் தொடங்கினாலும் உடல் தேறுவதற்கு முன் அடைக்கு வைத்தல் ஆகாது. 21 நாள் அரைவயிற்றுடன் அமர்ந்திருக்கத்தக்க சதை மார்பில் இருக்கிறதா என்று முன்போலவே தடவிப் பார்த்து, இராவிடில் அந்த முட்டைகளை வேறு கோழிக்கு வைக்க.